பத்தாம் நாள் வரை பவுனு சாகக் கூடாது

மூன்றாம் டிவிஷன் லயம்,
ரெம்பாவ்.
4-6-1979, திங்கள்

அன்புள்ள பஞ்சாலை அக்காவுக்கு, தங்கை வள்ளியம்மா எழுதிக்கொண்டது.

நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்பாய். கேள். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போர்டிக்சன் லோரியில் ஏறிய அன்று நான் வாசல்காலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அப்போதே உன் காலில் விழுந்து தடுத்திருக்க வேண்டும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் பேசலாம். இப்போது எழுதுகிற கையில் கட்டு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ விட்டுப் போன பூனை என்னைக் கடித்துவிட்டது அக்கா.

முதலிலிருந்து சொல்கிறேன். பதினைந்து நாளாகவே பவுனுவின் வாய் நாறிற்று. பக்கத்தில் வந்து முகத்தை உரசினால் சாக்கடையைக் கிளறிவிட்ட மாதிரி நாற்றம். கடைவாயில் எச்சில் நூலாக வடிந்தது. மீன் தலையைப் போட்டால் கழுத்தைச் சாய்த்து ஒரு பக்கமாக ஒரு கடி கடிக்கும், உடனே கத்திக்கொண்டு முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகும், நாக்கை நீட்டும், சுட்டுக்கொண்டதுபோலத் துள்ளி ஓடும். சரி, பல்வலி என்று நினைத்தேன். நமக்குப் பல்வலி வந்தால் என்ன செய்வோம்? கிராம்புத் தைலம்தானே? என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது வாங்கிய பாட்டில் அலமாரியில் இருந்தது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அவர் பந்து பார்க்கப் போயிருந்தார். பஞ்சில் தைலத்தை நன்றாக நனைத்து அதன் ஈறில் வைத்து அழுத்தினேன்.

ஐயோ, அதற்கப்புறம் நான் பார்த்ததை எப்படி எழுதுவேன். வாயெல்லாம் நுரை. கண் மேலே செருகிவிட்டது. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பல்லும் உள்ளே இறங்கின. உதறினேன், விடவில்லை. பிறகு தானாக விட்டுவிட்டு அடுப்பு மேடைக்கு அடியில் ஓடிப்போய் அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது.

உனக்குத் தெரியாது. போன வாரம் இரண்டாம் டிவிஷனில் ஒரு நாய் வாயில் நுரை தள்ளி விழுந்து செத்தது. வெறி என்கிறார்கள். காலையில் பேர் கூப்பிட்டு முடித்ததும் பெரட்டுக் களத்தில் நம் கங்காணி, மண்டோர் முருகையா, "நொர தள்ற நாயோ பூனையோ எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லணும். ஒளிச்சு வச்சீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்ல லா" என்று கத்தினார். துப்பாக்கியோடு ஆள் வந்து மூன்று நாய்களைச் சுட்டுவிட்டுப் போனார்கள். நான் என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வேலை செய்யும்போது கம்பி கிழித்துவிட்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ரோஷத்தில் எழுதவில்லை. ஏழு வருஷம் கழித்து நான் முழுகாமல் இருக்கிறேன் அக்கா. மூன்று மாதம்.

நீ சமைக்கிற வீட்டு ஐயா மிருக வைத்தியர்தானே. யாருக்கோ நடந்தது என்று சொல்லி அவரிடம் கேட்டு எழுது. அஞ்சலட்டையில் எழுதிவிடாதே, பெரட்டில் சத்தம் போட்டுப் படிப்பார்கள். கவரில் போடு. தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குடிக்கிறேன்.

உன் தங்கை,
வள்ளியம்மா


போர்டிக்சன்,
6-6-1979, புதன்

அடி வள்ளி,

உன் கடிதத்தை அடுக்களையில் நின்று படித்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. உன் புருஷன் நல்லசாமி மேல் இருக்கிற கோபத்தை ஓரமாக மடித்து வைத்திருக்கிறேன். தொலைத்துவிடவில்லை, பிறகு எடுத்துக்கொள்வேன். பூனைக்குப் போடுகிற மீனுக்காக நான் ரப்பர் மரம் சீவ வேண்டுமா என்று கேட்ட வாய் அது. நீயும் கேட்டுக்கொண்டு நின்றாய். போகட்டும்.

நஸ்ருதீன் ஐயாவுக்கு டீ கொடுக்கும்போது, "யாருக்கோ பூனை கடிச்சிருச்சாம் ஐயா" என்று ஆரம்பித்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "யாருக்கோன்னா யாருக்கு? உங்க தங்கச்சிக்கா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கிராம்புத் தைலம் என்றதும் மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். "பூனைக்கு அது விஷம்மா! மனுஷனுக்கு மருந்துங்கறதெல்லாம் அதுக்கு ஆகாது. அதோட ஈரல் தாங்காது. நொர தள்ளாம என்ன செய்யும்?" என்றார். தைலத்தால் வந்த நுரையாக இருக்கலாம், பல் சொத்தையால் வந்த எச்சிலாக இருக்கலாம், ஆனால் வேறு எதுவும் இல்லை என்று பார்க்காமல் சத்தியம் செய்ய முடியாது என்கிறார்.

அதனால் நான் சொல்கிறதைக் கவனமாகப் படி. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரம் கழுவு. நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதே. பிறகு சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல். கம்பி, கத்தி என்று கதை சொல்லாதே. வயிற்றில் இருக்கிறதையும் சொல்.

அடுத்தது பூனை. ஐயா சொன்ன கணக்கு இது: கடித்த நாளிலிருந்து பத்து நாள் அந்தப் பூனை உயிரோடு, புத்தியோடு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறி விஷம் இல்லை என்று அர்த்தம். அப்புறம் உனக்குப் பயமே இல்லை. அதற்குள் செத்தாலோ தொலைந்தாலோ ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாம் தேதி கடித்தாள். பதின்மூன்றாம் தேதி புதன்கிழமை வரை பவுனு சாகக் கூடாது. யாரும் சுடக் கூடாது, அடிக்கக் கூடாது, பட்டினியாலும் போகக் கூடாது. குளிக்கிற அறையில் விட்டுக் கதவைச் சாத்து. வாயில் கை வைக்காதே, அது முக்கியம் என்று இரண்டு தடவை சொன்னார். சோற்றைக் குழைய வேகவைத்து, முள்ளில்லாத மீனைக் கூழாக மசித்து, ஆறவைத்துத் தட்டில் தள்ளிவிடு. தண்ணீரும் சில்லென்று வேண்டாம்.

ஒன்றை உன்னிடம் மறைத்தேன். ஒரு வருஷமாகவே பவுனுவுக்குப் பல் சரியில்லை. எனக்குத் தெரியும். நான்தான் மீனை விரலால் நசுக்கிப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் உன் புருஷன், பூனைக்குச் சொத்தைப் பல்லா என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் போனபிறகு நீ தலையும் முள்ளுமாகப் போட்டிருப்பாய், பாவம், உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது.

மூன்று மாதம் என்று எழுதியிருந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பயப்படாதே என்று எழுத வருகிறது, எழுத முடியவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

பஞ்சாலை


ரெம்பாவ்,
9-6-1979, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இன்று ஆறாம் நாள்.

திட்டாதே. சிரம்பானுக்குப் போகவில்லை. நம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் துருப்பிடித்த கம்பி என்று சொன்னேன். கழுவிக் கட்டி ஓர் ஊசி போட்டார். "கம்பிக்கு ரெண்டு பக்கமும் பல்லு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நான் கட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். வெறிக்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று கோயில் பக்கம் பேசிக்கொண்டார்கள். தொப்புளைச் சுற்றி என்றால் பிள்ளை இருக்கிற இடம்தானே அக்கா? அந்த ஊசி பிள்ளை மேல் பட்டால்? போனால் பிள்ளைக்கு ஆபத்து, போகாவிட்டால் எனக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. இதையே நினைத்து நினைத்து மரத்தடியில் வெட்டுக்கத்தியோடு நின்றுவிடுகிறேன். பால் கோப்பையில் விழாமல் தரையில் வழிந்து நேற்று மண்டோரிடம் ஏச்சு வாங்கினேன்.

பூனையைக் குளிக்கிற அறையில்தான் அடைத்திருக்கிறேன். எலி பிடிக்க விட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். நீ சொன்ன மாதிரியே குழைய வைத்துக் கொடுத்தேன். இரண்டு நக்கு நக்கிவிட்டுக் கத்திக்கொண்டு மூலைக்கு ஓடிவிட்டது. ஆறு நாளாக மீன் சாறு நாலு கரண்டிகூட உள்ளே போயிருக்காது. முதுகெலும்பு எண்ணுகிற மாதிரி தெரிகிறது. பத்து நாள் எங்கே தாங்கும்? நாளைக்கே செத்துவிடும் போலிருந்தது.

கை வைக்காதே என்றாய். வைத்துவிட்டேன் அக்கா.

வேறு என்ன செய்வேன், நீயே சொல். இன்று பால்வெட்டு முடிந்து வந்ததும் அவருடைய பெரிய துண்டில் அதைத் தலை மட்டும் தெரியச் சுருட்டி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குத் திருப்பினேன். கையில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பைகளை இரண்டு மூன்றாக மாட்டிக் கட்டிக்கொண்டேன். எனக்குத்தான் பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. மாரியம்மா மாரியம்மா என்று சொல்லிக்கொண்டே உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இடது பக்கம் பழுப்பாகக் கல் படிந்திருந்தது, அடிப்பிடித்த சோறு மாதிரி. வலது பக்கம் மேலே ஈறு ரத்தச் சிவப்பாக வீங்கி, பெரிய பல் ஒன்று தோலில் தொங்கியது. கரண்டிக் காம்பில் ஈரத்துணியைச் சுற்றி லேசாகத் தொட்டேன். சீழ் வந்தது. பல்லும் துணியோடு வந்துவிட்டது. அது கத்தவில்லை. நான்தான் கத்தினேன், பிறகு வாந்தி எடுத்தேன்.

கடிக்கவே இல்லை அக்கா. துண்டுக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயந்தரம் மீன் கூழை முழுக்க வழித்துத் தின்றது. நான் கதவோரம் உட்கார்ந்து பார்த்தேன், அழுதேன். பல்லைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் பக்கத்து வீட்டு ராக்கம்மா கூச்சலைக் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டாள். "அது ஏண்டி வாயில ரத்தமும் எச்சியுமா இருக்கு? பூனையும் வெறி புடிச்சுக் கீலா ஆயிருச்சா?" என்றாள். பல் விழுந்துவிட்டது என்றேன். அவள் முகம் நம்பவில்லை. அவளுக்கு நாலு பிள்ளைகள், அவளையும் குறை சொல்ல முடியாது.

இன்னும் நாலு நாள். நாள்காட்டித் தாளைக் காலையில் எழுந்ததும் கிழிக்கிறேன், பொழுது விடிவதற்கு முன்னாலேயே கிழிக்கிறேன்.

வள்ளி


போர்டிக்சன்,
11-6-1979, திங்கள்

வள்ளி,

உனக்குப் புத்தி எந்தப் பக்கம் இருக்கிறது? ஐயா சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்று. பிளாஸ்டிக் பை கிழிந்திருந்தால்? இதை அவரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தின்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று கேட்டார். வெறி பிடித்தது மறுபடி உட்கார்ந்து தின்னாது என்றார். இருந்தாலும் பதின்மூன்று தாண்டட்டும் என்கிறார். அதுவரை இனிமேல் வாய்ப்பக்கம் போகாதே. சிரம்பானுக்குப் போ. அந்த ஊசி பிள்ளை மேல் படாது, தோலுக்கு அடியில்தான் போடுவார்களாம். கேட்டுவிட்டேன், இதையும் கேட்டுவிட்டேன். பயப்படுகிறவளுக்குப் பதில் வேண்டுமே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதின்மூன்று தாண்டிய பிறகு செய்ய வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன், அதை எழுதினால் எனக்கே கொஞ்சம் தைரியம் வருகிறது. இந்த வீட்டில் கமர்ஜஹான் அம்மா மூன்று பூனைகளுக்குப் பல் துடைக்கிறார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நமக்கே வேப்பங்குச்சியும் கரித்தூளும்தான் கிடைத்தது, பூனைக்கு ஜபர்தஸ்து பார் என்று நினைத்தேன். இப்போது தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். முதலில் பல நாள் கன்னத்தைத் தடவிப் பழக்குகிறார். பிறகு விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, வெறும் தண்ணீரில் நனைத்து, வெளிப்பக்கம் மட்டும் ஈறோரமாக மெதுவாகத் தேய்க்கிறார். எண்ணிப் பத்துத் தடவை, அவ்வளவுதான். அது முகத்தைத் திருப்பினால் விட்டுவிடுகிறார், அடுத்த நாள் பார்த்துக்கொள்கிறார். நம் பற்பசை கூடாது, உப்புக் கூடாது, தைலம் கூடவே கூடாது. அவ்வப்போது வாயை முகர்ந்து பார்க்கிறார். நாற்றம் வந்தாலோ ஒரு பக்கமாக மென்றாலோ உடனே ஐயாவிடம் காட்டுகிறார். சமைத்த எலும்பும் முள்ளும் போடுவதே இல்லை. இவ்வளவுதான் வள்ளி. தினம் ஒரு நிமிஷ வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருஷம் அவளை வலியோடு வைத்திருந்தேனே.

நல்லசாமியிடம் சொல்லிவிடு. அவன் முரடன்தான், ஆனால் உன் மேல் உயிர். அதை நான் எந்தக் காலத்திலும் இல்லை என்று சொன்னதில்லை.

பஞ்சாலை


ரெம்பாவ்,
12-6-1979, செவ்வாய்

அக்கா,

பவுனு இல்லை. போய்விட்டது. இன்னும் ஒரே நாள் அக்கா, ஒரே நாள் இருந்தது!

நேற்றுப் பெரட்டில் மண்டோர் எல்லாருக்கும் முன்னால், "யார் வூட்ல எச்சி வடியற பூனை இருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்களே ஒரு வழி பண்ணிக்குங்க, இல்லன்னா நாளைக்குத் துப்பாக்கிதான் லா" என்றார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. நான் மத்தியானம் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போன நேரம் பார்த்து, பூனையைக் கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்து ரெம்பாவ் பாசார் மீன் சந்தைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட்டார். திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டே சொல்கிறார்: "நான் கொல்லல வள்ளி. நீ முழுகாம இருக்கறப்ப நான் ஒரு உசுரையும் கொல்லக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. இங்க இருந்தா சுட்டுருவானுங்க. அங்க மீன் கடை இருக்கு, எப்படியோ பொழச்சுக்கும்."

நல்லது செய்துவிட்ட மாதிரி சொன்னார் அக்கா. நம் லயத்தில் இந்த மாதிரி நேரத்தில் எந்தப் புருஷனும் கோழிகூட அறுக்க மாட்டானே, அவரும் அப்படித்தான் நினைத்தார். பிள்ளைக்காகவே அதைக் கொண்டுபோய் விட்டார். பிள்ளைக்காகவே.

அப்போதுதான் சொன்னேன். கைக்கட்டை அவிழ்த்துக் காட்டினேன். பத்து நாள் கணக்கைச் சொன்னேன். அடிப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். படியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் எத்தன நாளு?" என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இதுவரை நான் பயந்ததெல்லாம் விளையாட்டு. உடனே மோட்டாரை எடுத்துக்கொண்டு திரும்பப் போனார். இருட்டும்வரை மீன் கடை, கோழிக் கடை, சாக்கடை எல்லாம் பார்த்தாராம். பாசாரில் பத்துப் பூனை இருந்ததாம், பவுனு இல்லையாம். இன்று வேலைக்குப் போகாமல் மறுபடி போயிருக்கிறார்.

தண்ணீர் இறங்குகிறது. இப்போது ஒரு செம்பு குடித்துப் பார்த்தேன். ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் வருமாமே? பிள்ளை பிறக்கிற நேரத்தில் வந்தால்? அக்கா, எனக்கு ஏதாவது ஆகி, பிள்ளை தங்கினால் நீ வந்து எடுத்துக்கொள். அவரோடு சண்டை போடாதே. இதை எழுத வேண்டும் என்று தோன்றிற்று, எழுதிவிட்டேன்.

வள்ளி


போர்டிக்சன்,
15-6-1979, வெள்ளி

கண்ணு வள்ளி,

அழாதே. முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைப் படி. பவுனு கிடைத்துவிட்டாள்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அப்படியே கமர்ஜஹான் அம்மாவிடம் சொல்லிவிட்டு ரெம்பாவ் பஸ்ஸைப் பிடித்தேன். மீன் விற்கிறவன் மேசைக்கு அடியில், பனிக்கட்டி கரைந்து ஒழுகுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பவுனு என்றேன், மியாவ் என்று வந்துவிட்டாள். கூடையில் போட்டு இங்கே கொண்டுவந்துவிட்டேன். உன் வீட்டுக்கு வராமல் வந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நல்லசாமி முகத்தில் விழிக்க மனசு இல்லை, அதுதான்.

பதின்மூன்று தாண்டிவிட்டது. நஸ்ருதீன் ஐயா அவளை மேசைமேல் நிற்க வைத்துக் கண், நாக்கு, நடை எல்லாம் பார்த்தார். வெறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, சொத்தைப் பல்தான் என்று சொல்லிவிட்டார். இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். நன்றாகத் தின்கிறாள். நீ நிம்மதியாகத் தூங்கு. வயிறு நிறையச் சாப்பிடு.

ஒன்று மட்டும். ஐயா சிரம்பான் ஆஸ்பத்திரிக்குத் தன் கைப்பட ஒரு சீட்டு எழுதித் தந்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். பூனை நன்றாக இருந்தாலும் பிள்ளைத்தாய்ச்சி, ஒரு தடவை காட்டிவிடட்டும் என்றார். கட்டாயம் போ. ஊசி போட்டால் போட்டுக்கொள். என் தலைமேல் சத்தியம், போகாமல் இருக்காதே.

உன் அக்கா


ரெம்பாவ்,
18-6-1979, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலடியில் படுத்திருக்கும் பவுனுவுக்கு என் அன்பைச் சொல். என் மடியில் படுத்திருக்கும் பவுனு உன்னைக் கேட்டதாகச் சொல்கிறது.

சனிக்கிழமை சாயந்தரம் வந்தது அக்கா. ஆறு மைல். ரப்பர் காட்டு வழியாக வந்ததோ, மலாய்க்காரர் கம்பத்து வீடுகளைத் தாண்டிச் சடக்கு ரோட்டோரமாக வந்ததோ, யார் கண்டார்கள். ராக்கம்மாதான் முதலில் பார்த்தாள். "வள்ளி! ஏ வள்ளி! ஒம் பூன ஒக்காந்து மூஞ்சி கழுவுதுடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. காலெல்லாம் சேறு, காதில் ஒரு கீறல். கிண்ணத்துத் தண்ணீரை நின்ற இடத்தில் முழுக்கக் குடித்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மண்டோரும் நின்றார். தண்ணீரைக் குடிக்கிற பூனையை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, திரும்பிப் போய்விட்டார்.

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன். மீன் மேசை, கூடை, ஐயா நாக்கைப் பார்த்தது, எல்லாவற்றையும் படித்தேன். முதலில் சிரித்தார். பிறகு வெளியே எழுந்து போய்விட்டார். வெள்ளிக்கிழமை அவர் பாசாரில் தேடப் போனபோது மீன் விற்கிறவர் சொன்னாராம்: ஒரு தமிழ்ப் பொம்பளை இரண்டு நாளாக வந்து, பவுனு பவுனு என்று கூப்பிட்டுக்கொண்டு சாக்கடையெல்லாம் குனிந்து பார்த்தாள், அழுதாள், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை என்று. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நான் இன்னும் பயந்துவிடுவேன் என்று. இன்றுதான் சொன்னார்.

ஊசி போட்டார்கள் அக்கா. நீ சத்தியம் வைப்பதற்கு முன்னாலேயே, வியாழக்கிழமை அவரே என்னை மோட்டாரில் உட்காரவைத்துச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார். தினம் ஒன்று. வலிதான், உயிர் போகிற வலி. அவர் கையை நான் பிடித்த பிடியில் அவருக்கு நகக்குறி விழுந்தது. பூனை திரும்பிவிட்டது என்று நேற்றுச் சொன்னதும், பத்து நாள் தாண்டி நன்றாக இருக்கிறதே, இனி வேண்டாம் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் டிவிஷன் நாய் எலிப் பாஷாணத்தைத் தின்று செத்ததாம், இப்போது ஆபீசில் சொல்கிறார்கள். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

இனிப் பல் துடைக்க வேண்டும். நீ எழுதியபடி இன்று கன்னத்தை மட்டும் தடவினேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, "பத்துத் தடவன்னு போட்டிருக்குல்ல, எண்ணு" என்கிறார். நீ வந்து பார்க்க வேண்டும்.

பொய் சொல்ல உனக்கு எப்படி அக்கா மனசு வந்தது? ஆனால் சனிக்கிழமைக்கு முன்னால் அந்தக் கடிதம் வந்திருந்தால் நம்பியிருப்பேன். நம்பித் தூங்கியிருப்பேன்.

வள்ளி


போர்டிக்சன்,
20-6-1979, புதன்

வள்ளி,

பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது என் கையில் மீன் நாற்றம்கூடப் போகவில்லை. ஐயாவிடம் சொல்லி அழுதேன், அவர் பேனாவை எடுத்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார். நீ ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் பயந்து பயந்து சாகக் கூடாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை லீவு தருகிறார்கள். மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நல்லசாமியை ரெம்பாவ் சந்தியில் மோட்டாரோடு நிற்கச் சொல். சண்டை போட மாட்டேன், அவன் ஆரம்பித்தால்தான்.

இன்று தபால்காரர் வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தப் பொய்யை அனுப்பிய நாளிலிருந்து அவருடைய சைக்கிள் மணி கேட்டாலே அடுப்பை அணைத்துவிட்டு நின்றுவிடுவேன். அடுத்த கடிதம் உன் புருஷன் எழுதியதாக இருக்கும், உன்னைப் பற்றி அவன் எழுதியதாக இருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கவரைக் கையில் வாங்கினேன். விலாசம் உன் கையெழுத்தில் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்கத் தோன்றவில்லை. ஈரக்கையோடு அப்படியே அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, அரை மணி நேரம் அந்தக் கவரைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாலை